ரீமருக்கு இணங்கும் எஃகு

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கம்மியரின் பட்டறைக்குப் புதிய ரைஃபிள் குழல் வந்து சேரும்போது, அது பாதி வேலை முடிந்த பொருளாகத்தான் வருகிறது. நடுவில் துளை போட்டாகிவிட்டது. துளைக்குள் குண்டைச் சுழலவிடும் வரிப்பள்ளங்களும் விழுந்தாகிவிட்டன. தோட்டா உட்காரும் இடம் மட்டும் இன்னும் இல்லை. அந்த இடத்தைச் ‘சேம்பர்’ என்பார்கள். தமிழில் தோட்டா அறை என்று சொல்லலாம். அதைக் குடைந்தெடுப்பது கம்மியரின் பொறுப்பு.

வந்த குழல் எந்த எஃகு என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். 4140 என்றால் ஒரு விதமாகத் தயாராவார், 416 என்றால் வேறு விதமாக. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி உருண்டைக் கம்பிகள். வேறுபாடு வெட்டும் கருவியின் முனைக்குத் தெரியும். அதன் பிடியில் கை வைத்திருப்பவருக்கும் தெரியும்.

தோட்டா அறை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1952-இல் சந்தைக்கு வந்தது, இன்றும் வேட்டைக்காரர்களும் இலக்குப் போட்டியாளர்களும் பரவலாகப் பயன்படுத்துவது. தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கும் போல்ட்டின் முகத்திலிருந்து, அறையின் தோள்பட்டைச் சரிவில் குறித்து வைத்த ஒரு வட்டம் வரை உள்ள நீளம்தான் முக்கிய அளவு. 41.40 மில்லிமீட்டர் நீளமுள்ள ‘கோ’ கேஜை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும். 41.50 மில்லிமீட்டர் நீளமுள்ள ‘நோ-கோ’ கேஜை வைத்தால் மூடக் கூடாது. இடையில் கம்மியருக்குக் கிடைப்பது 0.1 மில்லிமீட்டர்.

நீளத்தைக் கேஜ் காட்டிக் கொடுத்துவிடும். அறைச் சுவரின் வழவழப்பை இந்தக் கேஜ்கள் காட்டுவதில்லை. எஃகின் குணம் வெளிப்படுவது அங்கேதான்.

சுடும்போது அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வழவழப்பு ஏன் முக்கியம் என்பது புரியும். .308 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 4,200 மடங்கு. அந்த அழுத்தத்தில் தோட்டாவின் பித்தளை உறை பெருத்து, சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கமாகக் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் தடுப்பது அந்த மெல்லிய பித்தளைதான். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் பித்தளை சற்றே சுருங்கி விலக வேண்டும். சுவரில் வளையம் வளையமாகக் கீறல் இருந்தால் பித்தளை அவற்றுக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும்; உறையை வெளியே இழுக்க முடியாது. அப்படியானால் சுவரைப் பளபளவென்று மெருகேற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். அதிலும் ஆபத்து உண்டு. பித்தளைக்குச் சுவரில் பிடிமானம் போய்விட்டால் பின்னோக்கிய உந்தல் முழுவதையும் போல்ட்டே தாங்க வேண்டியதாகிவிடும்.

இந்தப் பிடிமானம் எவ்வளவு பெரியது என்பதை பி.ஓ. ஆக்லி சோதித்துக் காட்டினார். 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர்களில் அதிகம் பேசப்பட்ட பெயர் அவருடையது. உறையின் பக்கச் சுவர் சரிவைக் குறைத்து நேராக்கிய தன் தோட்டா வடிவம் ஒன்றை வைத்து, வின்செஸ்டர் 94 ரைஃபிளில் போல்ட்டைப் பூட்டும் பாகத்தையே கழற்றிவிட்டுச் சுட்டார். உறை பின்னால் பறந்து வரவில்லை; சுவரைப் பிடித்தபடி அறையிலேயே இருந்தது. யாரும் திரும்பச் செய்யக் கூடாத சோதனை அது. ஆனால் எஃகுச் சுவருக்கும் பித்தளைக்கும் இடையிலான உராய்வு எத்தனை பாரத்தைச் சுமக்கிறது என்பதை அது சந்தேகமில்லாமல் காட்டியது.

இந்தச் சுவரை உருவாக்கும் கருவி ரீமர். தோட்டாவின் வடிவத்திலேயே செய்யப்பட்டு, நீளவாக்கில் வெட்டு விளிம்புகள் கொண்டது. பெரும்பாலும் ஆறு விளிம்புகள். முன்னால் ‘பைலட்’ என்ற சிறு உருளை இருக்கும். அது குழலின் துளைக்குள் நுழைந்து வழி காட்ட, பின்னாலேயே விளிம்புகள் சுவரைச் செதுக்கிக்கொண்டு போகும். வேலை லேத்தில் நடக்கிறது. ஆழத் துளை போடும்போது துளைக்கருவி எப்போதும் கொஞ்சம் விலகிப் போகும் என்பதால் எந்தக் குழலின் துளையும் முழுக்க நேராக இருப்பதில்லை. அதனால் டயல் கேஜை வைத்து, வெளிப்பரப்பைப் பொருட்படுத்தாமல், துளையே லேத்தின் மையத்தில் சுழலும்படி குழலைப் பொருத்துவார்கள். இதற்கே சில சமயம் அறை வெட்டுவதைவிட அதிக நேரம் போகும்.

இனி எஃகுக்கு வருவோம்.

4140 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குடும்பத்தைக் குறிக்கின்றன. பின் இரண்டும் கார்பன் அளவை, அதாவது 0.40 சதவீதத்தை. குரோமியம் ஒரு சதவீதத்தை ஒட்டி, மாலிப்டினம் அதில் கால் பங்குக்கும் குறைவாக. இயந்திர அச்சுகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் பயன்படுகிற நம்பகமான எஃகு இதுதான். இதையே 0.50 சதவீதக் கார்பனோடு செய்தால் 4150; அமெரிக்க ராணுவ ரைஃபிள்களில் இதன் வகைகள் நெடுங்காலம் இருந்துவருகின்றன.

குழலுக்கான எஃகைச் சூடேற்றி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். ராக்வெல் ‘சி’ அளவுகோலில் அதன் கடினத்தன்மை பெரும்பாலும் 28-க்கும் 32-க்கும் இடையில் வைக்கப்படும். அதிவேக எஃகால் செய்த ரீமரின் கடினத்தன்மை அதே அளவுகோலில் 60-ஐத் தாண்டும். குழலை இன்னும் கடினமாக்கியிருக்கலாம். ஆனால் ரீமரின் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். அதைவிட முக்கியமாக, எஃகு நொறுங்கும் பக்கம் சாயத் தொடங்கும். குழல் உப்பினால்கூடச் சுடுபவர் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சிதறினால் கிடையாது.

மென்மையாக இருந்தால் வெட்டுவது எளிது என்று நினைப்போம். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அளவுக்கு மீறி மென்மையான எஃகை ரீமர் வெட்டுவதில்லை, கிழிக்கிறது. வெட்டுண்ட உலோகம் உடையாமல் நீளச் சுருளாக வந்து விளிம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை அடைக்கும். அதில் ஒரு துணுக்கு, அழுத்தத்தாலும் சூட்டாலும் ரீமரின் விளிம்பிலேயே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெட்டுவது ரீமரின் கூர் அல்ல, அந்த ஒட்டுத் துணுக்கு. அது அறைச் சுவரைச் சுற்றி ஒரு வளையக் கீறலைப் போட்டுவிட்டு உடைந்து விழும். 4140 குழலில் இந்தத் தொல்லைக்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் கொஞ்சம் வெட்டுவது, ரீமரை வெளியே எடுப்பது, துடைப்பது, கட்டிங் ஆயில் ஊற்றி மறுபடி உள்ளே விடுவது என்று வேலை நிதானமாக நகர்கிறது. இப்போது பலர், குழலின் மறுமுனையிலிருந்து எண்ணெயை அழுத்தத்தோடு பாய்ச்சி, வெட்டுத் துணுக்குகளை விழுந்தவுடனே வெளியே அடித்துத் தள்ளுகிறார்கள்.

அதிர்வு இன்னொரு தொல்லை. ரீமர் ஒரு விளிம்பில் துள்ளினால் அடுத்த விளிம்பும் அதே இடத்தில் துள்ளும். வட்டமாக இருக்க வேண்டிய அறை பல பட்டைகளோடு வரும். எஃகின் விறைப்பு வகைக்கு வகை பெரிதாக மாறுவதில்லை. 4140 ஆனாலும் 416 ஆனாலும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது உலோகம் கருவிக்குக் கொடுக்கும் எதிர்ப்பு, அந்த எதிர்ப்பு சீராக வருகிறதா விட்டு விட்டு வருகிறதா என்பது. ரீமர் செய்பவர்கள் விளிம்புகளுக்கு இடையிலான இடைவெளியை வேண்டுமென்றே சமமில்லாமல் வைப்பது இந்தத் தாளத்தைக் குலைக்கத்தான். பழைய கைகளுக்கு வேறு வைத்தியமும் தெரியும்: ரீமரைச் சுற்றி மெழுகுத் தாளைப் பொதிந்து உள்ளே விடுவார்கள். தாள் இடைவெளியை நிரப்பி அதிர்வை அடக்கும். மலிவான வைத்தியம், ஆனாலும் பலிக்கிறது.

416-இன் கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தொடங்குகிறது. அதற்கும் சற்று முன்னால் போனால் நம் நீலகிரிக்கும் அதில் ஒரு தொடர்பு தெரியும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் கரிமருந்தைக் கைவிட்டுக் கார்டைட்டுக்கு மாறியது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் வாசலினும் கலந்த இந்தப் புகையற்ற மருந்து மிகச் சூடாக எரிவது. லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் வில்லியம் மெட்ஃபோர்டு வடிவமைத்த ஆழமில்லாத, வளைந்த வரிப்பள்ளங்கள் இந்தச் சூட்டுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1895-இல் ஆழமான பள்ளங்களோடு லீ-என்ஃபீல்டு வந்தது. இந்தியப் படைக்கு வேண்டிய கார்டைட்டைச் செய்ய 1903-இல் ஆலை அமைந்த இடம்தான் அருவங்காடு. மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பள்ளத்தை ஆழமாக்கியதால் தேய்மானம் நின்றுவிடவில்லை, தள்ளிப்போனது. 1912-இல் ஷெஃபீல்டின் பிரவுன்-ஃபெர்த் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹாரி பிரேர்லியிடம் ரைஃபிள் குழல்களின் தேய்மானத்தை ஆராயும் வேலை வந்தது. குரோமியம் கூடினால் எஃகின் உருகுநிலையும் சூட்டைத் தாங்கும் திறனும் கூடுமா என்று பார்க்கப் பல விகிதங்களில் கலந்து வார்த்தார். 1913 ஆகஸ்டு 13-ஆம் தேதி வார்த்த ஒன்றில் 12.8 சதவீதக் குரோமியமும் 0.24 சதவீதக் கார்பனும் இருந்தன. நுண்ணோக்கியில் பார்க்கும் முன் எஃகை நைட்ரிக் அமிலக் கலவையால் அரிக்கச் செய்வது வழக்கம். இந்த எஃகு அமிலத்துக்கு மசியவில்லை. குழல் தேய்மானத்துக்கு விடை தேடியவர் கையில் துருப்பிடிக்காத எஃகு கிடைத்துவிட்டது.

துப்பாக்கி செய்பவர்கள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது முதலில் போய்ச் சேர்ந்தது ஷெஃபீல்டின் மேசைக்கத்திப் பட்டறைகளுக்கு. அங்கேயும் முதலில் முணுமுணுப்புதான்: அடிக்கவும் தீட்டவும் கஷ்டமான எஃகு என்று. துருப்பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்க்கும் குரோமியமே வெட்டும் கருவிக்கு எதிரியாக நிற்கிறது. 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் கார்ப்பென்டர் எஃகு நிறுவனம் இதற்கு ஒரு மாற்று கண்டது. அதுவரை எஃகு செய்பவர்கள் படாதபாடுபட்டு வெளியேற்றிய கந்தகத்தை வேண்டுமென்றே உள்ளே சேர்த்தார்கள்.

416 என்பது அந்த வழியில் வந்த எஃகு. 12 முதல் 14 சதவீதக் குரோமியம், குறைந்தது 0.15 சதவீதக் கந்தகம். நம் சமையலறை எவர்சில்வர் இதன் தூரத்து உறவு மட்டுமே. நல்ல எவர்சில்வரில் நிக்கல் நிறைய இருக்கும், காந்தம் ஒட்டாது, எவ்வளவு சூடேற்றிக் குளிரவைத்தாலும் கடினமாகாது, ஆனால் கருவி உரசினால் உரசிய இடம் இறுகிக்கொள்ளும். 416-இல் காந்தம் ஒட்டும். சூடேற்றிக் குளிரவைத்தால் கடினமாகும். வெட்டும்போது இறுகும் குணம் இதிலும் ஓரளவு உண்டு. அதனால் கூர் மழுங்கிய ரீமரை உள்ளேயே உரசவிட்டுக்கொண்டு தயங்கி நிற்கக் கூடாது. ஒன்று வெட்ட வேண்டும், இல்லையென்றால் வெளியே எடுத்துவிட வேண்டும்.

கந்தகம் என்ன செய்கிறது? எஃகில் உள்ள மாங்கனீசோடு சேர்ந்து மாங்கனீஸ் சல்பைடாக, நுண்ணோக்கியில் சாம்பல் நிறத் துகள்களாக, உலோகமெங்கும் சிதறிக் கிடக்கிறது. எஃகோடு ஒப்பிட்டால் இவை மென்மையானவை. ரீமர் செதுக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு துகளும் ஒரு பலவீனப் புள்ளி. சுருள் அங்கே முறிந்துவிடும். நீளச் சுருளுக்குப் பதில் பொடிச் சில்லுகள் விழும். அதோடு சல்பைடு கருவியின் முகத்தில் மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டு உராய்வையும் குறைக்கிறது. எண்ணெய் போய்ச் சேராத இடத்தில் எஃகே தனக்கு எண்ணெயாகிவிடுகிறது. ரீமர் அதிக நாள் உழைக்கும். அறைச் சுவர் முதல் முறையிலேயே சீராக வரும். துல்லியப் போட்டிக் குழல்களில் இந்த எஃகு கோலோச்சுவதற்கு, துரு பிடிக்காத குணத்துக்கு இணையாக, இந்த வெட்டும் சுகமும் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் இந்தத் துகள்கள் உருண்டையாக இருப்பதில்லை. எஃகுக் கட்டியைச் சூடாக உருட்டிக் கம்பியாக நீட்டும்போது சல்பைடும் கூடவே நீண்டு, கம்பியின் நீளவாக்கில் நூல் நூலாகப் படுத்துவிடுகிறது. இப்போது குழலுக்குள் இருக்கும் அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள். வாயு எல்லாத் திசையிலும் தள்ளுகிறது. உருளை வடிவக் குழலில் அந்தத் தள்ளல் சுவரை வட்டமாக இழுத்து விரிக்கும் விசையாகிறது. நீளவாக்கில் இழுக்கும் விசையைவிட இது மிகப் பெரியது. வட்டமாக விரிக்கும் விசை நீளவாக்கில் பிளக்கப் பார்க்கும். சல்பைடு நூல்கள் படுத்திருப்பதும் அதே நீளவாக்கில்தான். விறகை நாரின் போக்கில் கோடரியால் பிளப்பது எளிது; குறுக்கே வெட்டுவதுதான் பாடு. குழல் எஃகிலும் நாரின் போக்கு எந்தத் திசையில் வரக் கூடாதோ அந்தத் திசையிலேயே வந்துவிடுகிறது.

இதனால் 416 குழல்கள் எல்லாம் வெடிக்கும் என்று எண்ண வேண்டாம். தடித்த சுவரும் சரியான பதமும் இருந்தால் போதிய மிச்சபலம் இருக்கிறது. ஆனால் கந்தகம் கூடிப்போய், நூல்கள் நீளமாகவும் கொத்தாகவும் அமைந்து, குழலும் மெலிதாகக் கடையப்பட்டு, கடுங்குளிரும் சேர்ந்தால் நிலைமை மாறும். குளிரில் இவ்வகை எஃகின் அடிதாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. எனவே குழலுக்கென்றே கந்தகத்தைக் குறைத்து, துகள்களைச் சீராகப் பரவச் செய்து, 416ஆர் என்ற வகையை அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் செய்தது. ரீமருக்குக் கொஞ்சம் கஷ்டம், குழலுக்குக் கொஞ்சம் பலம். இந்த வணிகத்தில் இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றை ஏற்றாமல் மற்றதை இறக்க முடிந்ததில்லை. அமெரிக்க ராணுவமே 4150-இல் கந்தகம் சேர்த்த வகை ஒன்றையும் தன் விதிகளில் ஏற்றிருந்தது.

எஃகுக்குள் பூட்டிக் கிடக்கும் இறுக்கமும் கம்மியரைச் சோதிக்கும். வரிப்பள்ளங்களை இடப் பல வழிகள் உண்டு. அதில் ஒன்று, பள்ளத்தின் வடிவமுள்ள கார்பைடுக் குமிழைத் துளைக்குள் பலமாகச் செலுத்தி உலோகத்தை அமுக்குவது. எதுவும் வெட்டப்படுவதில்லை, நசுங்குகிறது. நசுங்கிய எஃகு உள்ளே இறுக்கத்தைச் சேர்த்து வைத்திருக்கும். உலையில் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தாமல் விட்டால், கம்மியர் வெளிப்பரப்பைக் கடைந்து சுவரை மெலிதாக்கும்போது உட்துளை சற்றே விரிந்துவிடும். மைக்ரான் கணக்குதான். ஆனால் பைலட் துளைக்குள் ஆடத் தொடங்க அது போதும். அறையின் மையமும் துளையின் மையமும் பிரிந்துபோகும்.

எஃகின் மேல் எதையாவது பூசிவிட்டால் இந்தச் சங்கடங்கள் தீராதா? 1960-களில் எம்-16 ரைஃபிள் வியட்நாமுக்குப் போனபோது அதன் தோட்டா அறையில் குரோம் பூச்சு இல்லை. அதற்கு முந்தைய எம்-14 குழலில் இருந்தது. சோவியத் ஏகே வகையிலும் இருந்தது. வியட்நாமின் ஈரத்தில் அறைச் சுவர் துருவேறிக் குழிகள் விழுந்தன. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டதும், சுத்தம் செய்யும் சாமான்கள் போதாததும் சேர்ந்துகொண்டன. சுட்ட உறை அறையிலேயே சிக்கிக்கொள்ள, அதை முன்பக்கத்திலிருந்து குத்தித் தள்ளக் கம்பி தேடிய வீரர்கள் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இச்சார்டு துணைக்குழு இதை விசாரித்தது; அறைக்குக் குரோம் பூச்சு வந்ததும் அதே ஆண்டில்தான்.

குரோம் பூச்சு துருவுக்கும் சூட்டுக்கும் நல்ல பதில்தான். கம்மியருக்கோ அது மூடிய கதவு. பூச்சு அதிவேக எஃகு ரீமரைவிடக் கடினமானது. முதலில் பூச்சின் கனத்தைக் கணக்கிட்டு அறையைச் சற்றுப் பெரிதாக வெட்டி, பிறகு பூச வேண்டும். பூசியபின் திருத்தம் கிடையாது. எஃகின் மேற்பரப்புக்குள்ளேயே நைட்ரஜனைச் செலுத்தி இறுக்கும் முறையும் இப்படித்தான்: சுமார் 580 டிகிரி செல்சியஸில் உருகிய உப்புக் குளியலில் குழலை முக்கி எடுத்தபின் ரீமருக்கு அங்கே வேலை இல்லை. 416 வகையில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. குரோமியத்தில் ஒரு பகுதி நைட்ரஜனோடு கட்டுண்டுவிடுவதால் துருவை எதிர்க்கும் குணம் குறைகிறது.

எந்த எஃகானாலும் கடைசியில் எரிவது ஒரே இடம்தான்: அறை முடிந்து வரிப்பள்ளம் தொடங்கும் கழுத்து. எரிவாயுவின் வெப்பம் எஃகின் உருகுநிலையைத் தாண்டியது. எஃகு தப்பிப்பது அது ஓரிரு மில்லிவினாடி மட்டுமே நீடிப்பதால். ஆயிரக்கணக்கான முறை சுட்டபின் அந்த இடம் வறண்ட குளத்துச் சேறாக வெடித்துக் கிடக்கும். அப்போது கம்மியர் குழலின் பின்பகுதியில் கொஞ்சத்தை அறுத்தெறிந்து, முன்னால் தள்ளிப் புதிய அறையை வெட்டுகிறார். வெந்து வெந்து வாயுவின் கார்பனையும் உறிஞ்சிய பழைய கழுத்தின் மேல்தோல், கீழே உள்ள எஃகைவிட மிகக் கடினமாகியிருக்கும். ரீமரை நேரே அதில் விட்டால் விளிம்பு பெயர்ந்துவிடும். எனவே கார்பைடு முனை கொண்ட போரிங் கருவியால் அந்தத் தோலை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். வெடிப்புகள் அதற்கும் அப்பால் ஆழமாக ஓடியிருந்தால் குழலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதுதான் லாபம்; நல்ல ரீமர் ஒன்றின் விலை புதுக் குழலின் விலையில் ஏறத்தாழப் பாதி.